பாட்டிலில் மருந்தல்லாத பகுதி

இரவு பதினோரு மணிக்குக் குழந்தை இருமுகிறது. அலமாரியிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்துக் குலுக்கி, மூடியில் 5 மில்லி கோடு வரை ஊற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை அளவைச் சரிபார்த்துவிட்டுப் புகட்டுகிறோம். சிவப்பாக, கொழகொழவென்று, இனிப்பாக இருக்கும் அந்த 5 மில்லியில் மருந்து எவ்வளவு என்று லேபிளில் போட்டிருக்கும். பல சிரப்புகளில் அது சில மில்லிகிராம்தான். ஓர் அரிசி மணியே ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் மூடி நிறைய இருப்பதெல்லாம் என்ன?

மருந்துத் தூள்களில் பல தண்ணீரில் லேசில் கரையாதவை. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடுகிறதே, அதுபோல. மருந்து அடியில் தங்கினால் முதல் ஸ்பூனில் ஒன்றும் இருக்காது, கடைசி ஸ்பூனில் மொத்தமும் இருக்கும். ஆகவே அதைக் கரைத்துப் பிடித்துவைக்க ஒரு துணைத் திரவம் வேண்டும். அதற்குக் கரைப்பான் என்று பெயர். கிளிசரின், புரொப்பிலின் கிளைக்கால் ஆகியவை அந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படுபவை. உரிய அளவில் உடலுக்குக் கெடுதல் இல்லாதவை. இவற்றைப் போலவே நிறமற்று, கொழகொழப்பாக, நாக்குக்கு இனிப்பாக இன்னொரு திரவம் உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால். பிரேக் ஆயிலிலும் சாயத் தொழிலிலும் பிளாஸ்டிக் தொழிலிலும் புழங்குவது. கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் இவற்றுக்குள் வேற்றுமை தெரியாது. சிறுநீரகத்துக்கு மட்டும் தெரியும்.

மருந்து உடலில் என்ன செய்கிறது, உடல் மருந்தை என்ன செய்கிறது என்று ஆராய்வது மருந்தியல். ஒரு பொருள் உடலை எந்த வழியில் கெடுக்கிறது என்று ஆராய்வது நச்சியல். பல பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே துறை. இதில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகளைப் பார்த்து உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “புது மருந்து கண்டுபிடிக்கப் போகிறாயா?” என்பதுதான். அப்படிக் கண்டுபிடிப்பவர் மிகச் சிலர். மற்றவர்கள் நான்கைந்து ஆண்டு கற்றுக்கொள்வது, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்பதற்கு. அந்தக் கல்வி எத்தனை பெரிய காரியம் என்பதை ஒரு மாணவியின் வாழ்க்கையை வைத்துச் சொல்கிறேன்.

கனடாவின் வான்கூவர் தீவில் 1914இல் பிறந்தவர் பிரான்சிஸ் ஓல்ட்ஹாம். மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, 1935இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் புதிதாக மருந்தியல் துறை தொடங்கிய பேராசிரியர் கைலிங்குக்கு இடம் கேட்டு எழுதினார். இடமும் உதவித்தொகையும் உண்டு என்று பதில் வந்தது. ஆனால் கடிதம் ‘திரு. ஓல்ட்ஹாம்’ என்று தொடங்கியது. பெயரை வைத்து ஆண் என்று நினைத்துவிட்டார்கள். நான் பெண் என்று எழுதித் தெரிவிக்க வேண்டுமா என்று தன் ஆசிரியரிடம் கேட்டார். “பேசாமல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடு, அடைப்புக்குறிக்குள் செல்வி என்று எழுதிவிட்டுக் கிளம்பு” என்ற வகையில் அவர் சொல்ல, 1936இல் பிரான்சிஸ் சிகாகோ போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே அந்த ஆய்வகத்தின் கதவைச் சாவு தட்டியது. சல்ஃபனிலமைடு அன்றைக்கு அதிசய மருந்து. தொண்டைப் புண்ணிலிருந்து சீழ்க்கட்டி வரை பாக்டீரியாத் தொற்றுகளை அடக்கியது. மாத்திரையாகவும் தூளாகவும் இருந்ததைத் திரவமாகத் தந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று டென்னசி மாநிலத்தில் ஒரு நிறுவனம் எண்ணியது. அதன் வேதியியலாளர் பல கரைப்பான்களைப் பார்த்து, டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்றாகக் கரைவதைக் கண்டார். ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். சுவை, மணம், தோற்றம் மூன்றையும் சோதித்தார்கள். உடலுக்கு ஆகுமா என்று சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று அன்றைய அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. 1937 இலையுதிர்காலத்தில் 15 மாநிலங்களில் 100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். எல்லோருக்கும் ஒரே விதமான முடிவு. வாந்தி, வயிற்றுவலி, பிறகு சிறுநீர் வருவது நின்றுபோகும். சில நாள் வேதனைக்குப் பின் சாவு.

இதில் எது கொன்றது? பாட்டிலில் மருந்து இருக்கிறது, கரைப்பான் இருக்கிறது, வாசனை இருக்கிறது. குடித்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நோயாளிகள். நோயே கொன்றிருக்கலாம் அல்லவா? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைக் கண்டறியும் வேலையைக் கைலிங்கிடம் கொடுத்தது.

கல்யாண வீட்டில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாம் என்ன செய்வோம்? சாம்பார் சாப்பிட்டவர் யார், பாயசம் தொடாதவர் யார், மோர் மட்டும் குடித்துவிட்டுப் போன மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்போம். சிகாகோவில் செய்ததும் அதே விசாரணைதான். ஒரு வித்தியாசம், பந்தி முடிந்தபின் விசாரிக்காமல் பந்தியையே தாங்கள் போட்டார்கள். சில விலங்குகளுக்கு அந்தக் கலவை. சிலவற்றுக்குச் சல்ஃபனிலமைடு மட்டும். சிலவற்றுக்கு டைஎத்திலீன் கிளைக்கால் மட்டும். எலிகளைக் கவனிக்கும் வேலை பிரான்சிஸுக்கு. மருந்து மட்டும் பெற்ற விலங்குகள் தாக்குப்பிடித்தன. கலவை பெற்றவையும் கரைப்பான் மட்டும் பெற்றவையும் ஒடுங்கிச் செத்தன. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் மாறாமல் வைத்து ஒப்பிடும் இந்த முறையில், ஒப்பிடுவதற்கென்றே வைக்கும் குழுவைக் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கற்கும் முதல் ஒழுக்கம் இதுதான். கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனை எத்தனை அழகாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த நிறுவனத்தின் மீது கொலைக்குற்றம் சாட்ட வழியில்லை. அந்தத் திரவ மருந்தை ‘எலிக்ஸிர்’ என்ற பெயரில் விற்றிருந்தார்கள். அப்படிப் பெயர் வைத்தால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்றுதான் வழக்குப் போட முடிந்தது. 26,100 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு, 1938 ஜூனில், விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதே ஆண்டு பிரான்சிஸ் முனைவர் ஆனார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்போம். நச்சியலின் முதல் பாடம் அதில் இருக்கிறது. இரண்டாவது பாடம் இல்லை. நாம் விழுங்கிய பொருளும் உடலுக்குள் வேலை செய்யும் பொருளும் பல வேளைகளில் ஒன்றல்ல. கரைப்பான் கொன்றது என்று 1937இல் தெரிந்தது. எப்படிக் கொன்றது என்பது சரியாகத் தெரிய இன்னும் 70 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கல்லீரலை ஒரு பாத்திரம் தேய்க்கும் இடமாக நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியில் வெறும் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் பிசுக்குப் போகாது. சாம்பலோ சோப்புத் தூளோ போட்டுத் தேய்த்தால்தான் தண்ணீரோடு போகும். உடலுக்கு வேண்டாத பொருளைக் கல்லீரல் அப்படித்தான் படிப்படியாக மாற்றி, சிறுநீரோடு போகக்கூடியதாக ஆக்குகிறது. இதை வளர்சிதை மாற்றம் என்றும், மாற்றும் வேலையைச் செய்யும் புரதங்களை நொதிகள் என்றும் சொல்கிறோம். பெரும்பாலும் இது நம்மைக் காக்கிறது. சில வேளை, இடைப்படியில் பிறக்கும் பொருள் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கொடியதாக அமைந்துவிடுகிறது. விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால் அப்படித்தான். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே கண்ணைப் பறிக்கிறது.

டைஎத்திலீன் கிளைக்காலும் படிப்படியாக மாறி, கடைசியில் டைகிளைக்காலிக் அமிலம் ஆகிறது. குற்றவாளி மூலப்பொருளா, இடையில் பிறப்பதா, கடைசியில் வருவதா? லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், மருந்தியலும் நச்சியலும் சேர்ந்திருக்கும் ஒரு துறையின் ஆய்வகத்தில் இதற்கு விடை தேடினார்கள். அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சாராயத்தை உடைக்கும் அதே நொதிதான் டைஎத்திலீன் கிளைக்காலையும் உடைக்கத் தொடங்குகிறது. அந்த நொதியில் பொருள் வந்து உட்காரும் ஓர் இடம் உண்டு. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலிகளுக்குக் கொல்லும் அளவு டைஎத்திலீன் கிளைக்கால் கொடுத்து, கூடவே ஃபோமெபிசோலும் கொடுத்தார்கள். நொதியில் இடமில்லை. மாற்றம் நடக்கவில்லை. உடலுக்குள் மூலப்பொருள் இருந்தும் சிறுநீரகம் கெடவில்லை. அப்படியானால் மூலப்பொருள் குற்றவாளி அல்ல, அதிலிருந்து பிறப்பதுதான். 2010இல் இது வெளியானது.

அடுத்த படி, மனிதச் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மூன்று பொருளையும் தனித்தனியே ஊற்றிப் பார்ப்பது. மூலப்பொருள் பட்ட செல்கள் பிழைத்தன. இடைப்பொருள் பட்டவையும் பிழைத்தன. டைகிளைக்காலிக் அமிலம் பட்டவை செத்தன. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள், தங்களுக்கு வழக்கமாக வேண்டிய ஒரு பொருளின் சாயல் இருப்பதால் இந்த அமிலத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனது தேங்கிவிடுகிறது. 1937இல் அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீர் ஏன் நின்றது என்பதற்கான விடை இது.

இப்படி ஒரு வாக்கியத்தை எழுத ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுகள் ஆகின்றன. நம் நாட்டில் மருந்தியல் ஆய்வுக்குச் சேருபவர் எம்.ஃபார்ம் அல்லது அதற்கு இணையான படிப்பை முடித்து, தகுதித் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு வருகிறார். முதல் ஆண்டு பெரும்பாலும் பிறர் எழுதியதைப் படிப்பதில் போகும். விலங்குகளைத் தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, வேறு வழியே இல்லையா, வலி தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சரிதான், ஓர் உயிரை எடுப்பவர் காரணம் சொல்லியே ஆக வேண்டும். பிறகு சோதனை தோற்கும், மறுபடி தோற்கும். அதிகாலை நாலு மணிக்கு இரத்த மாதிரி எடுக்க வேண்டுமென்றால் பொங்கலன்றும் போய்த்தான் ஆக வேண்டும். முடிவில் கையில் நிற்பது ஒரு சிறிய உண்மை. அதோடு, ஓர் அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் ‘இதில் ஏதோ இடிக்கிறதே’ என்று நெருடும் ஒரு கண். என் மதிப்பில் அந்தக் கண்தான் பட்டத்தைவிடப் பெரியது.

பிரான்சிஸுக்கு அந்தக் கண் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மலேரியா மருந்து ஆராய்ச்சியில், முயலின் கல்லீரல் கொய்னா என்ற மருந்தை எப்படி உடைக்கிறது என்று பார்த்தார். சாதாரண முயலின் கல்லீரல் நன்றாக உடைத்தது. சினை முயலின் கல்லீரலால் அவ்வளவு முடியவில்லை. கருவிலிருக்கும் குட்டியின் கல்லீரலால் அறவே முடியவில்லை. தாய்க்கு மருந்தாக இருப்பது கருவுக்கு வேறாக இருக்கலாம் என்பது 1943 வாக்கில் அவர் கைப்படக் கண்ட உண்மை. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் உறுப்பை நம் கிராமங்களில் நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் சொல்வது வழக்கம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தாலும், மருத்துவ உலகமோ நெடுங்காலம் அதை நஞ்சைத் தடுக்கும் சுவராக நம்பியிருந்தது. அது சுவர் அல்ல, சல்லடை. சிறிய மூலக்கூறுகள் பலவும் அதைக் கடந்துவிடும்.

உடன் ஆராய்ந்த எல்லிஸ் கெல்சியை மணந்து பிரான்சிஸ் கெல்சி ஆன அவர், 1950இல் மருத்துவப் பட்டமும் பெற்று, 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அடுத்த மாதமே ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடோமைடு என்ற தூக்க மருந்து. ஜெர்மனியில் 1957 முதல் விற்பனையில் இருந்தது. கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் பல நாடுகளில் கொடுத்துவந்தார்கள். புதிதாக வந்தவருக்கு எளிதான கோப்பு என்றே கொடுத்திருக்கிறார்கள். 60 நாளுக்குள் நிர்வாகம் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே விற்பனைக்கு வந்துவிடும் என்பது அன்றைய விதி.

கெல்சிக்கும் உடன் பணியாற்றிய மருந்தியலாளருக்கும் வேதியியலாளருக்கும் கோப்பில் இடித்தது. மனிதரைத் தூங்கவைக்கும் இந்த மருந்து விலங்குகளை ஏன் தூங்கவைக்கவில்லை? விலங்கின் உடலில் அது சரியாகச் சேரவே இல்லையோ? சேராவிட்டால், விலங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சோதனைக்கு என்ன மதிப்பு? தரவு போதாது என்று திருப்பி எழுதினார். நிறுவனம் நெருக்கியது. ஒவ்வொரு முறையும் கூடுதல் விவரம் கேட்டார். 1961 பிப்ரவரியில், இந்த மருந்தை நீண்ட நாள் உண்டவர்களுக்குக் கைகால் மரத்துப்போவதாக ஒரு மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதம் அவர் கண்ணில் பட்டது. பெரியவரின் நரம்பைக் கெடுப்பது கருவை என்ன செய்யும் என்று கேட்டார். சினை முயலின் கல்லீரலைப் பார்த்தவர் கேட்ட கேள்வி அது.

1961 நவம்பரில் ஜெர்மனியில் மருத்துவர் லென்ஸும், அதையொட்டி ஆஸ்திரேலியாவில் மருத்துவர் மெக்பிரைடும் உலகத்துக்குச் சொன்னார்கள்: கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாலிடோமைடு உண்ட தாய்மார்களுக்குக் கைகால் வளராத குழந்தைகள் பிறக்கின்றன. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அப்படிப் பிறந்ததாகக் கணக்கு. அமெரிக்காவில் சோதனை என்ற பெயரில் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த மாத்திரைகளாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவற்றாலும் 17 குழந்தைகள். கடைகளுக்கு வந்திருந்தால் அந்த எண் எத்தனை ஆயிரம் ஆகியிருக்கும்! 1962 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். அக்டோபரில் மருந்துச் சட்டம் இன்னும் இறுகியது.

அந்த மருந்து கருவின் கைகாலை ஏன் தேடிப்பிடித்தது என்பதற்கு 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு புரதத்தைக் கண்டு காட்டினார்கள். செரப்ளான் என்று பெயர். செல்லுக்குள், தேவை முடிந்த புரதங்களுக்கு ‘குப்பை’ என்று முத்திரை குத்தும் வேலையில் அது ஓர் உறுப்பு. தாலிடோமைடு அதில் ஒட்டிக்கொண்டதும், உறுப்புகள் உருவாகத் தேவையான புரதத்தின் மீதும் முத்திரை விழுகிறது. எலியின் செரப்ளானில் சிறு மாறுதல் இருப்பதால் அங்கே இந்தக் கேடு நடப்பதில்லை. முயலில் நடக்கிறது. எந்த விலங்கில் சோதிக்கிறோம் என்பதிலேயே விடை மாறிவிடும். கரு உருவாகி ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரைதான் ஆபத்துக் காலம். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பலர் சந்தேகிக்கத் தொடங்கும் நாட்கள் அவை.

டைஎத்திலீன் கிளைக்கால் கதை 1937இல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் அதனால் இறந்தார்கள். 1986இல் மும்பையில் கிளிசரினில் கலந்து வந்து 14 பேரைக் கொன்றது. 2022இல் காம்பியா நாட்டில் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளில் கண்டுபிடித்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. கரைப்பானில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காடு.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சிக்கூடமே வேண்டும் என்றில்லை. சாக்பீஸில் மைப்பொட்டு வைத்து, அதன் அடியைத் தண்ணீரில் நிறுத்தினால் மை மேலேறும்போது நிறங்கள் பிரிந்து நிற்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவத்தில், பூச்சிட்ட ஒரு தகட்டில் திரவத்தின் பொட்டு ஒன்றை ஏற்றினால் கிளிசரினும் டைஎத்திலீன் கிளைக்காலும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். மெல்லடுக்கு நிறப்பிரிகை என்று பெயர். செலவு குறைந்த சோதனை. தொழிற்சாலைக்குக் கரைப்பான் பீப்பாய் வந்ததும் செய்ய வேண்டியது. செய்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று உயிரோடு இருப்பார்கள். 1937இலேயே எலிகள் செத்துக் காட்டிய உண்மை தெரிந்த ஒருவர், அந்தப் பீப்பாய்க்கும் கலவைத் தொட்டிக்கும் நடுவே, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு நிற்க வேண்டும். மருந்தியல் படித்தவர்களை நாம் அங்கே நிறுத்தவில்லை.

வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல் சிரப் கொடுக்க வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. எந்த சிரப்பானாலும், குடித்த குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுவலியோ வந்து, சிறுநீர் போவதும் குறைந்தால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்றுமருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன, நேரம்தான் முக்கியம். மிச்சமிருக்கும் பாட்டிலைக் கீழே ஊற்றிவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் பேட்ச் எண் இருக்கும்.